சிரிஞ்ச் பம்பும் யூரின் டியூபும்: மோட்டாரைத் தாண்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்

கொருக்குப்பேட்டையிலிருந்து பொறியியல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கவாதம் வந்து தாத்தா ஐசியூவில் இருந்தபோது கட்டிலருகே நான்கு சிரிஞ்ச் பம்ப் (சிரிஞ்சில் உள்ள மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் கருவி) ஓடியதைப் பார்த்தாராம். இப்போது தாத்தா வீட்டில் யூரின் டியூபோடு இருக்கிறார். டியூப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. வெள்ளி பூசிய டியூப் வாங்கச் சொல்கிறார்கள், விலை அதிகம். கூடவே, செல்போனிலிருந்து இயக்கும் மலிவான சிரிஞ்ச் பம்பை ப்ராஜெக்டாகச் செய்யலாமா, இந்தக் கருவிகளில் என்னென்ன மாற்றங்கள் வந்தன, இனி எங்கே வேலை மிச்சம் இருக்கிறது என்றும் கேட்கிறார்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மருத்துவமனைகளிலும் சின்ன நர்சிங் ஹோம்களிலும் பம்ப், மானிட்டர் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். பொதுவாக இந்தக் கேள்விக்கு செயற்கை நுண்ணறிவு, வைஃபை, ஆப் என்று பதில் வரும். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கருவிகளில் உயிரைக் காப்பாற்றிய மாற்றங்கள் எல்லாம் இரண்டு பொருள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் நடந்தன. சிரிஞ்ச் பம்பைத் தொடும் இடம், விரல் பட்டனைத் தொடும் இடம், ஒரு குழாய் இன்னொரு குழாயோடு சேரும் இடம், குழாய் உடம்புக்குள் உட்காரும் இடம். கெட்டதும் அங்கேதான் நடக்கிறது. அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பம்ப். உள்ளே பார்த்தால் எளிமையான பொருள். சின்னச் சின்ன அடியாகச் சுழலும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், அது சுழற்றும் நீண்ட திருகு, திருகில் நகரும் ஒரு கட்டை. அந்தக் கட்டை சிரிஞ்சின் பிளஞ்சரை, அதாவது உள்ளே நகரும் தண்டை, தள்ளுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா பியர்ஸ் குழு 2014-லேயே 3டி பிரிண்டரில் அச்சடித்து யாரும் செய்துகொள்ளக்கூடிய சிரிஞ்ச் பம்ப் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டுவிட்டது. ஆய்வகத்தில் ரசாயனம் செலுத்த அது போதும். மனிதனுக்குப் போதாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போடுவோம்.

50 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் சுமாராக 27 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஞ்சர் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் அரை மில்லிக்குச் சற்று அதிகமாக மருந்து வெளியே வரும். ஐசியூவில் சில மருந்துகளை மணிக்கு 1 மில்லி வேகத்தில் ஓட்டுவார்கள். அப்படியென்றால் ஒரு முழு மணி நேரத்தில் பிளஞ்சர் நகர்வது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பிளஞ்சர் முனையில் இருப்பதோ ரப்பர். சிரிஞ்சுக்குள் சிலிக்கான் எண்ணெய் தடவியிருந்தாலும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் ரப்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மோட்டார் சுழலும், திருகுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள தளர்ச்சி முதலில் தீரும், பிறகு ரப்பர் அமுங்கும், அதன் பிறகுதான் மருந்து நகரும். திரையில் "இன்ஃப்யூசிங்" என்று பச்சை விளக்கு எரியும். குழாயின் மறுமுனையில் பல நிமிடங்களுக்கு ஒரு சொட்டும் வராது.

வைட்டமின் மருந்தென்றால் பரவாயில்லை. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய 2 நிமிடம் போதும். சிரிஞ்ச் தீர்ந்து புதிய சிரிஞ்ச் மாற்றும் அந்த இடைவெளியில் பிபி சரிவதை நீங்கள் மானிட்டரில் கண்ணால் பார்க்கலாம். அனுபவமுள்ள சிஸ்டர்கள் பழைய சிரிஞ்ச் தீரும் முன்பே இரண்டாவது பம்பில் புதிய சிரிஞ்சை ஏற்றி, குழாயை நோயாளியோடு இணைப்பதற்கு முன் மருந்தை வேகமாகத் தள்ளிக் குழாயை நிரப்பும் பர்ஜ் பட்டனை அழுத்தி, குழாய் முனையில் மருந்து எட்டிப் பார்த்த பிறகுதான் இணைப்பார்கள். தளர்ச்சியெல்லாம் வெளியிலேயே தீர்ந்துவிடும். பம்ப் கம்பெனிகள் பின்னால் தானாகவே தளர்ச்சியை எடுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தன. வார்டில் கைகள் முதலில் கண்டுபிடித்தது, கருவிக்குள் பிறகு போனது.

அதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். உள்விட்டம் 27-க்குப் பதில் 29 மில்லிமீட்டர் உள்ள வேறு பிராண்ட் சிரிஞ்சைப் போட்டால் பரப்பளவு 15 சதவீதம் கூடும். பிளஞ்சர் அதே தூரம்தான் நகரும், மருந்து 15 சதவீதம் அதிகம் போகும். பம்ப் சிரிஞ்சின் வெளிவிட்டத்தை கிளாம்பு மூலம் அளந்து 20 மில்லியா, 50 மில்லியா என்று கண்டுபிடித்துவிடும். பிராண்டைக் கண்டுபிடிக்காது. அதை மனிதர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டோரில் அன்றைக்கு எந்த பிராண்ட் வந்ததோ அதுதான் வார்டில் இருக்கும் என்பது நம் ஊர் நிலைமை. நான் சர்வீஸுக்குப் போனால் பம்பைத் திறப்பதற்கு முன் டிராலியில் எந்த சிரிஞ்ச் கிடக்கிறது, திரையில் எந்தப் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். "பம்ப் ஸ்பீடா ஓடுது சார்" என்ற புகார்களில் பல அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது அடைப்பு. நோயாளி கையை மடக்குகிறார், அல்லது த்ரீவேயின் (குழாயில் வழியைத் திறந்து மூடும் மூவழி இணைப்பு) கைப்பிடி தவறான பக்கம் திரும்பியிருக்கிறது. மருந்து போக வழியில்லை. பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். ரப்பர் அமுங்கும், குழாய் லேசாக உப்பும், அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தொட்டால்தான் அக்லூஷன் அலாரம், அதாவது அடைப்பு எச்சரிக்கை. பெரிய சிரிஞ்சிலும் நீளக் குழாயிலும் அந்த அழுத்தத்தைத் தொடுவதற்குள் 1 மில்லி அளவு மருந்து தேங்கிவிடலாம். மணிக்கு 5 மில்லி ஓடினால் 12 நிமிடத்தில் அலாரம் வரும். மணிக்கு 1 மில்லி என்றால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நோயாளிக்கு மருந்து இல்லை.

இதில் ஆபத்து இரண்டாவது முறையும் வரும். ஒரு ராத்திரி ராயபுரம் பக்கம் ஓர் ஐசியூவில் வேறொரு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடித்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஓடிவந்து த்ரீவேயைத் திருப்பக் கை நீட்டினார். சீனியர் சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "தொறக்காதம்மா, மொதல்ல பிரஷரை எடு" என்றார். நோயாளி பக்கத்து வழியை மூடியபடியே வைத்து, த்ரீவேயின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். மருந்து ஒரு பீச்சலாகப் பஞ்சில் விழுந்தது. அந்த ஒரு பீச்சல் நேராக நரம்புக்குள் போயிருந்தால் பிபி எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போதைய நல்ல பம்புகள் அடைப்பைக் கண்டதும் மோட்டாரைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுழற்றி அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் குழாயிலேயே அழுத்த உணரி இருப்பதால் அலாரமும் சீக்கிரம் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மாற்றங்கள்தான். ஆனால் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தவை இவை.

சைஃபனிங் என்று ஒன்று உண்டு. பிளஞ்சர் கிளாம்பில் சரியாக மாட்டாமல், பம்ப் நோயாளியைவிட உயரத்தில் இருந்தால், புவியீர்ப்பிலேயே மொத்த சிரிஞ்சும் காலியாகிவிடும். மோட்டார் நின்றிருந்தாலும் நடக்கும். பிளஞ்சர் தலையைப் பற்றும் கிளிப்பும், அது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் உணரியும் இதற்காகத்தான். உங்கள் ப்ராஜெக்ட் வரைபடத்தில் கட்டை பிளஞ்சரைத் தள்ள மட்டும் செய்கிறதா, இழுத்துப் பிடிக்கவும் செய்கிறதா என்று பாருங்கள். தள்ள மட்டும் செய்தால் அது மருத்துவக் கருவி ஆகாது.

இனி விரலும் பட்டனும். ஜெர்மனியின் பி.பிரான் கம்பெனி 1951-ல் பெர்ஃப்யூசர் என்ற சிரிஞ்ச் பம்பைக் கொண்டுவந்தது. 1970-களில் இங்கிலாந்தில் மார்ட்டின் ரைட் என்பவர் பேட்டரியில் ஓடும், இடுப்பில் தொங்கவிடக்கூடிய சின்ன சிரிஞ்ச் டிரைவரை உருவாக்கினார். மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள குழந்தைகளின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தைச் செலுத்த அது பயன்பட்டது. 1979-ல் பேட்ரிக் ரஸல் என்ற மருத்துவர் அதையே புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு வலிமருந்து செலுத்தப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். சில மணி நேரத்துக்கொரு தரம் ஊசி குத்தாமல் வீட்டிலேயே வலியில்லாமல் இருக்க வழி கிடைத்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த வகைக் கருவியில் வேகத்தை மில்லியில் வைக்க முடியாது. பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று வைக்க வேண்டும். கிரேஸ்பி கம்பெனியின் இரண்டு மாடல்கள் பரவலாக இருந்தன. நீல நிறத்தில் இருந்தது மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு. பச்சை நிறத்தில் இருந்தது 24 மணி நேரத்துக்கு இத்தனை மில்லிமீட்டர். உருவம் ஒன்றேபோல் இருக்கும். ஒன்றுக்குப் போட வேண்டிய எண்ணை இன்னொன்றில் போட்டால் ஒரு நாள் மருந்து ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். உயிர்கள் போயின. 2010 டிசம்பரில் இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு முகமை, மணிக்கு மில்லி கணக்கில் ஓடும் டிரைவர்களுக்கு ஐந்து ஆண்டுக்குள் மாறிவிட வேண்டும் என்று சொல்லியது. அந்தக் கருவிகளில் மோட்டார் பழுதில்லை, பேட்டரி பழுதில்லை. அளவுகோலும் நிறமும்தான் ஆளைக் கொன்றன. நீங்கள் திரை வடிவமைக்கும்போது இந்தக் கதையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-ல் வெளியிட்ட விவரமும் இதையே சொல்கிறது. 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் பற்றி சுமார் 56,000 பாதிப்பு அறிக்கைகள் வந்தன, 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. மென்பொருள் கோளாறு, பேட்டரி, அலாரம் ஆகியவற்றோடு, ஒரு முறை அழுத்திய பட்டனை இரு முறை அழுத்தியதாகக் கருவி எடுத்துக்கொள்வதும் அதில் இருந்தது. 1 என்பது 11 ஆகிவிடும். 5.0 என்று அடிக்கப் போய்ப் புள்ளி பதியாமல் 50 ஆகும். வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் ஹரோல்ட் திம்பிள்பி குழு இதை நெடுநாள் ஆராய்ந்தது. 0 முதல் 9 வரை எண் பட்டன்கள் இருந்தால் வேகமாக அடிக்கலாம், ஆனால் பார்வை பட்டன்மேல் இருப்பதால் திரையில் விழுந்த தவறு கண்ணில் படுவதில்லை. மேலும் கீழும் அம்புக்குறி வைத்து எண்ணை ஏற்றி இறக்கினால் நேரம் கூடும், பார்வை திரையிலேயே இருக்கும், தவறு பிடிபடும். 2011-ல் வந்த இந்த முடிவை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். தொடுதிரை அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். கையுறை ஈரமாக இருக்கும்போது அது என்ன எண்ணைப் பதிவு செய்கிறது என்று வாங்குவதற்கு முன் ஒருவராவது அழுத்திப் பார்க்க வேண்டும்.

மருந்துப் பட்டியலை உள்ளே வைத்து, "இந்த மருந்துக்கு இந்த அளவு அதிகம்" என்று தடுக்கும் ஸ்மார்ட் பம்புகள் வந்திருக்கின்றன. நல்ல விஷயம். அந்தப் பட்டியலை மருத்துவமனை தன் வழக்கத்துக்கு ஏற்ப நிரப்பி, மாதாமாதம் சரிபார்த்தால்தான் பயன். நிரப்பாமலே ஓடும் பம்புகள் நிறைய.

நம் பகுதிக்கென்று சில உண்மைகள் உண்டு. குளுக்கோஸ் சிந்திக் காய்ந்து திருகில் பசையாக ஏறுவது எல்லா ஊரிலும் நடக்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சை பூப்பது அதற்கு மேல். பம்பை எப்போதும் ப்ளக்கிலேயே வைத்திருப்பதால் பேட்டரி செத்திருப்பது யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை தண்ணீரிலும் இருட்டிலும் இருந்த நாட்களில், நோயாளியை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் தூக்கிப் போகும்போது பேட்டரியின் உண்மை நிலை தெரிந்தது. கரண்டை எடுத்துவிட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, பம்பின்மேல் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டச் சொல்கிறேன். இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

குழாயோடு குழாய் சேரும் இடம் பற்றிச் சுருக்கமாக. ஊசியும் சிரிஞ்சும் பொருந்தும் அந்தக் கூம்பு வடிவ இணைப்புக்கு லூயர் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் வந்தது. அதன் பெருமை எதுவும் எதோடும் பொருந்தும் என்பது. அதன் கொடுமையும் அதுதான். மூக்கு வழி டியூபில் போக வேண்டிய பால் நரம்பில் போயிருக்கிறது. நரம்பில் போக வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து முதுகுத்தண்டில் போய், உலகின் பல நாடுகளில் உயிர் போயிருக்கிறது. அதனால் ஐஎஸ்ஓ 80369 என்ற சர்வதேசத் தர விதிகளில், உணவுக்கு ஒரு வடிவம், முதுகுத்தண்டுக்கு ஒரு வடிவம் என்று பிரித்துவிட்டார்கள். உணவுக்கானதை என்ஃபிட் என்றும் முதுகுத்தண்டுக்கானதை என்ஆர்ஃபிட் என்றும் சொல்வார்கள். தவறாக இணைக்க முயன்றாலும் உள்ளே போகாது. "கவனமாக இருங்கள்" என்று சுவரில் எழுதுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நம் வார்டுகளில் முழுமையாக இன்னும் வரவில்லை. அதுவரை குழாயின் இரு முனையிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டுவது ஒன்றுதான் வழி.

இப்போது தாத்தாவின் டியூப். உங்களுக்கு இதுதான் அவசரம்.

அந்த டியூபின் பெயர் ஃபோலி கதீட்டர். ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க சிறுநீரக அறுவை மருத்துவர் 1930-களில் கொண்டுவந்த வடிவம். முனையில் ஒரு பலூன், அதில் தண்ணீர் நிரப்பினால் சிறுநீர்ப்பைக்குள் நின்றுகொள்ளும். கிட்டத்தட்ட 90 ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை. அதில் ஒரு குறையும் அப்படியே இருக்கிறது. சிறுநீர் நுழையும் துளை பலூனுக்கு மேலே இருக்கிறது. அதனால் பலூனைச் சுற்றிக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் வடியாமல் தேங்கும். முனை சிறுநீர்ப்பையின் சுவரை உரசும். தேங்கும் இடத்தில் கிருமி வளரும். துளையைக் கீழே கொண்டுவரும் வடிவங்களில் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. வடிவமைப்பில் ஆர்வமுள்ள ஒருவருக்கு நல்ல சவால் இது.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, சிறுநீர் காரத்தன்மை அடைகிறது, அதில் கரைந்திருந்த மெக்னீசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள் படிகமாகி டியூபின் உள்ளே ஒட்டுகின்றன. போர் தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டில் வெள்ளையாக உப்பு படியுமே, அதேபோல. கழற்றிய பழைய டியூபின் முனையை விரலால் அழுத்தினால் நறநறவென்று மணல்போல இருக்கும். அடுத்த முறை மாற்றும்போது சிஸ்டரிடம் கேட்டுக் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். மணல் இருந்தால் காரணம் இதுதான் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்.

வெள்ளி பூசிய டியூபுக்கு நான் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் குறுகிய காலத்துக்கு டியூப் போட்ட 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2012-ல் லான்செட் இதழில் வந்தது. வெள்ளிப் பூச்சு, தொற்றைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. நீண்ட நாள் டியூபில் படிகம் ஏறி மூடிவிட்டால் அடியில் வெள்ளி இருந்து என்ன பயன்? அந்தப் பணத்தில் முழு சிலிக்கான் டியூப் வாங்கலாம். சாதாரண லேட்டெக்ஸ் (இயற்கை ரப்பர்) டியூபைவிட அதன் சுவர் மெல்லியது, அதனால் வெளியளவு அதேயாக இருந்தாலும் உள்துளை பெரியது, அடைக்க நாளாகும். பொதுவாக லேட்டெக்ஸை இரண்டு முதல் நான்கு வாரத்திலும், சிலிக்கானை அதிகபட்சம் பன்னிரண்டு வாரத்திலும் மாற்றுவார்கள். ஆனால் தாத்தாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை நாளில் அடைக்கிறது என்று காலண்டரில் குறியுங்கள். மூன்று முறை குறித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சிலிக்கான் பலூனில் இருந்து தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து குறையும் என்பதால், சிலருக்கு டியூப் நழுவும். அதையும் சிஸ்டருக்குச் சொல்லி வையுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. டியூபின் அளவுக்கு பிரெஞ்சு கணக்கு, ஷாரியர் என்ற பாரிஸ் கருவி செய்பவர் வகுத்தது. எண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 16 என்றால் 5.3 மில்லிமீட்டர், முனையில் ஆரஞ்சு வளையம். 14 பச்சை, 18 சிவப்பு. அடைக்கிறதே என்று நீங்களாகவே பெரிய எண் வாங்கிவிடாதீர்கள். பெரிய டியூப் வழியைப் புண்ணாக்கும். ஓரமாகச் சிறுநீர் கசிவதற்கும் பெரிய டியூப் மருந்தில்லை. நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பேக்கெட்டில் காலாவதித் தேதியும் "லேட்டெக்ஸ்" அல்லது "முழு சிலிக்கான்" என்ற குறிப்பும் பார்த்து வாங்குங்கள். "சிலிக்கான் பூச்சு" என்று போட்டிருந்தால் உள்ளே லேட்டெக்ஸ்தான்.

டியூபைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது: மூடிய பை. முன்பெல்லாம் டியூபின் மறுமுனையைத் திறந்த பாட்டிலில் விடுவார்கள். சில நாட்களில் எல்லோருக்கும் கிருமி ஏறும். டியூபிலிருந்து பை வரை எங்கும் திறக்காத அமைப்பு தொற்றைப் பெரிதும் தள்ளிப்போடுகிறது என்று 1966-ல் குனின், மெக்கார்மக் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். ஆக, இணைப்பைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலனை இழக்கிறோம். பையை அடிக் குழாய் வழியாக மட்டும் காலி செய்யுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. தாத்தாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது பையை அவர் மடியில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பையில் திரும்பாமல் தடுக்கும் வால்வு இருந்தாலும் குழாயில் நிற்பது அத்தனையும் உள்ளே திரும்பும். தொடையில் டேப் போட்டு டியூபை நிறுத்துங்கள், இழுபடாது. தண்ணீர் குடிப்பதும், எலுமிச்சைச் சாறு போன்ற சிட்ரேட் உள்ள பானங்களும் படிகத்தைத் தாமதப்படுத்தும் என்று ஆய்வுகள் உண்டு. சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருந்தால் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

வீட்டில் சிரிஞ்சால் சலைன் அடித்து அடைப்பெடுக்க முயல வேண்டாம். அடிவயிறு வீங்கி சிறுநீரே வராமல் நின்றாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் வந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: இந்த டியூப் இன்னும் தேவையா? 1972-ல் ஜாக் லேபிடஸ் என்ற மருத்துவர், நிரந்தர டியூபுக்குப் பதில் சுத்தமான கையோடு சில மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய டியூபை விட்டு வடித்து எடுத்துவிடலாம், முழு ஸ்டெரைல் வேண்டியதில்லை என்று சொன்னார். அப்போது பலர் எதிர்த்தார்கள். இன்று உலகெங்கும் அதுதான் வழக்கம். 1980-களில் தண்ணீர் பட்டதும் வழுக்கும் பூச்சு போட்ட டியூப்கள் ஸ்வீடனிலிருந்து வந்தபின் வலியும் குறைந்தது. தாத்தாவுக்குப் பொருந்துமா என்பதை யூராலஜி டாக்டர்தான் சொல்ல முடியும். வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வீட்டுப் பராமரிப்பு இருக்கிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

ரத்தக்குழாய் கதீட்டர்கள் தனிக் கடல். ஒன்றே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், சிறுநீர்ப் பாதைக்கான டியூபைத் தன் கை நரம்பு வழியாகத் தானே உள்ளே செலுத்தி, நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்து, அது இதயத்துக்குள் இருப்பதைக் காட்டினார். 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் தாமஸ் ஃபோகார்ட்டி, அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டி ஒரு டியூபின் முனையில் கட்டி, ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் பலூன் கதீட்டரை உருவாக்கினார். இருவரும் கையருகே இருந்த பொருளை வேறு இடத்தில் பொருத்திப் பார்த்தவர்கள்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருவோம். சிரிஞ்ச் பம்ப் இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ன்படி மிதமான-உயர் ஆபத்து (சி) வகையில் வருகிறது. அதைச் செய்து நோயாளிக்கு மாட்டுவது கல்லூரி ப்ராஜெக்டின் வேலையில்லை, மாட்டவும் கூடாது. அதற்குப் பதில், பம்பைச் சோதிக்கும் கருவி செய்யுங்கள். பெரிய மருத்துவமனைகளில் பம்ப் அனலைசர் இருக்கும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை சின்ன நர்சிங் ஹோம்கள் அதை வாங்க முடியாது. அங்கே பம்ப் சொல்வதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது 1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு. நகைக்கடைகளுக்கு விற்கும் தராசுகளிலேயே அப்படிப்பட்டவை உண்டு, சௌகார்பேட்டையில் விசாரித்துப் பாருங்கள். தண்ணீர் 1 மில்லி ஏறக்குறைய 1 கிராம். மணிக்கு 1 மில்லி ஓடினால் நிமிடத்துக்கு 16 அல்லது 17 மில்லிகிராம் ஏற வேண்டும். தட்டில் உள்ள தண்ணீர் ஆவியாகாமல் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுங்கள், குழாய் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும், மின்விசிறியை நிறுத்துங்கள். தராசின் எண்ணை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்து வரைபடமாக்கினால், நான் மேலே சொன்ன அந்த ஒட்டிக்கொண்ட ரப்பரின் தாமதம் கண்ணுக்கு முன்னால் கோடாகத் தெரியும். அடுத்து ஒரு த்ரீவேயும் அழுத்த உணரியும் சேர்த்தால், அடைத்த பிறகு அலாரம் வர எத்தனை நிமிடம், திறந்தால் எவ்வளவு மருந்து ஒரேயடியாக வருகிறது என்பதும் கிடைக்கும். இன்ஃப்யூஷன் பம்புகளுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60601-2-24. அதில் சோதனை முறை விவரமாக இருக்கிறது, கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். செல்போன் இணைப்பு இங்கே பொருந்தும்: எந்த பம்ப், எந்தத் தேதி, எவ்வளவு விலகல் என்று பதிவு வைக்க.

முதல் சோதனைக்கு 50 மில்லி சிரிஞ்சில் இரண்டு வெவ்வேறு பிராண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பில் ஒரே பிராண்ட் பெயரை வைத்து, மணிக்கு 1 மில்லியில் இரண்டையும் இரண்டு மணி நேரம் ஓட்டி வரும் இரண்டு கோடுகளை எனக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு அடுத்த படியைப் பேசுவோம்.